தாய்த்தண்டின் ஒற்றைப் பிள்ளை

தரை கழுவும் இயந்திரம் சுவரில் மோதியதில் நுண்ணோக்கி ஆடிப்போய், காலையிலிருந்து எடுத்த படமெல்லாம் பாழாகிவிட்டது. யார் செய்த வேலை என்று ஆய்வகத் தலைவர் கேட்டபோது, "என் முட்டிதான் சார் மேசையில இடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டாள் அங்கே ஆராய்ச்சி செய்த பெண். இயந்திரத்தைப் பிடித்தபடி வாசலில் நின்ற துப்புரவு அக்கா அப்புறம்தான் அதைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு போனாள்.

வேளைக்குச் சாப்பிடாமல் இருட்டறையே கதியென்று கிடப்பதால் அந்தப் பெண்ணுக்கு வௌவால் என்று பேர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது, சிரிப்புதான் வரும். அந்தச் சிரிப்பு மாடிப்படிவரை கேட்கும்.

"அப்படி என்னதாம்மா பார்க்கிற?" என்று அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"உள்ள வந்து பாருங்க."

திரையில் ஒரு செல், அதற்குள் பச்சையாக மினுங்கும் புள்ளிகள். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இருப்பதை ஆளுக்குப் பாதியாக இழுத்துக் கொடுப்பது சென்ட்ரோசோம் என்கிற அந்தப் புள்ளிகளின் வேலை. முனைக்கு ஒன்றாக இரண்டு இருந்தால் போதும்.

"மூணு நாலு ஆயிருச்சுன்னா?"

"ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பாங்க. பாகப்பிரிவினையில குடும்பம் சந்தி சிரிக்கிற கதைதான்."

அதனால் செல்லுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. சென்ட்ரோசோமுக்குள் இருக்கும் தாய்த்தண்டு என்ற நுண்குழலின் விலாவில், செல் ஒருமுறை பிரிந்து மறுமுறை பிரியும்வரையான ஒரு சுற்றுக்கு ஒரேயொரு பிள்ளைத்தண்டுதான் முளைக்கும். செல் பிரிகிற நேரத்தில் பிள்ளை தாயைவிட்டு விலகும். அடுத்தது அதற்குப் பிறகுதான். பிள்ளை ஒட்டிக்கொண்டிருப்பதே தாயைத் தடுக்கிறது என்பது வௌவாலின் கட்சி. நடுச்சுற்றில் பிள்ளையை ஒளிக்கதிரால் சுட்டு நீக்கினால் தாய் இன்னொன்று பெறும் என்று அடித்துச் சொன்னாள். ஒருமுறை பெற்றால் அந்தச் சுற்றுக்கு அவ்வளவுதான் என்றார் தலைவர்.

"பிள்ளையைச் சுடுறதா? பாவமில்லையாம்மா?"

"நானாக்கா சுடுறேன்? அந்த மெஷின்தான் சுடுது."

ஆனால் சுட்ட செல்லெல்லாம் செத்துக்கொண்டே இருந்தன. வாரக் கடைசியில் நுண்ணோக்கி வேறு குழுவுக்குப் போகிறது. அதோடு அவள் ஆராய்ச்சிக்கும் மூடுவிழாதான். இந்தப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பிவிடாதே என்று அக்கா கண்ணை மூடிக் கடவுளிடம் சொல்லிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கதிரின் வலுவைக் குறைத்துப் பார்த்ததில் பிள்ளைத்தண்டு மட்டும் போய் ஒரு செல் பிழைத்தது. சாயங்காலம் குப்பைக்கூடையை எடுக்கப் போன அக்காவை வௌவால் கையைப் பிடித்துத் திரைமுன் உட்காரவைத்தாள்.

"பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சுக்கா. தாய் பக்கத்துல ஏதாவது தெரியுதா?"

"பொடியா ஒண்ணு தெரியுதேம்மா. ஒட்டிக்கிட்டுதான் இருக்கு."

அன்றைய சிரிப்பு மாடிப்படியையும் தாண்டிப்போனது. ஓடிவந்த தலைவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என் வாயை அடைச்சிட்ட. இன்னும் நாலு செல்லுல காட்டு. அதுவரைக்கும் மைக்ராஸ்கோப் இங்கயே இருக்கட்டும்."

நாலிலும் அப்படியே ஆயிற்று. படைத்தவன் அத்தனை சின்ன இடத்திலும் அளவு வைத்திருக்கிறானே என்று அக்காவுக்கு மனம் நிறைந்துபோனது. அந்த முடிவை வைத்தே வௌவாலுக்கு வேறு ஊரில் சொந்தமாக ஓர் ஆய்வகம் கிடைத்தது. கிளம்புகிற அன்று அக்காவைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"பிள்ளை பக்கத்துல இருக்குன்னு அந்தத் தாய்க்கு எப்படித் தெரியுதுன்னு இன்னும் புரியலக்கா. அதைத் தேடத்தான் போறேன். உங்க சாமிகிட்ட கேட்டா உடனே சொல்லிருவாரு. தயவுசெஞ்சு கேட்டுறாதீங்க, நானே பார்த்துக்கிறேன்."