சொல்லாமல் விட்ட காய்ச்சல்

எந்த வேலையிலும் நான் ஒரு வருஷத்தைத் தாண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்தே அப்படித்தான். வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் கட்டுவது, கொச்சியில் இறால் உரிப்பது, கொடைக்கானலில் லாட்ஜ் அறை பெருக்குவது. யாரும் என்னை விரட்டியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்ததும் அந்த இடத்துச் சுவரே பிடிக்காமல் போகும், பையைத் தூக்கிவிடுவேன். கட்டியவன் முன்னாலேயே போய்விட்டான். பிள்ளை இல்லை. போகாதே என்று சொல்ல ஆளும் இல்லை.

திண்டுக்கல் வக்கீல் ஆபீசில் மட்டும் ரெண்டு வருஷத்தை நெருங்கிவிட்டேன். இரண்டு மாடி, இருபதுக்கு மேல் வக்கீல்கள். பேங்க், இன்சூரன்ஸ், மில் என்று பெரிய இடத்து வழக்குகள். கேஸ் கட்டுகளைக் கோர்ட்டுக்குத் தூக்கிப் போவதும், திரும்பக் கொண்டுவந்து அடுக்குவதும், இடையில் டீ வாங்குவதும் என் வேலை.

வக்கீல்களில் ஏழு பேர் பெண்கள். அதில் ஒருவர் ஆபீசில் பங்குதாரர். அவரைப் பெரிய மேடம் என்போம். இரண்டு பிள்ளை பெற்று வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தனக்குக் கீழே வேலை பழகியவர்கள் தன்னை வாய்தா வாங்க அனுப்பினார்கள் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதனாலோ என்னவோ, பழைய கட்டுகள் கிடந்த மாடி அறையைக் காலி பண்ணி ஒரு கட்டிலும் ஃபேனும் திரையும் போட்டார். பால் கொடுக்கணும், செத்த நேரம் படுக்கணும், அழணும், எதுவானாலும் இங்கே வாங்க என்று பெண்களிடம் சொன்னார். ஆண் ஜூனியர்கள் அதற்கு ‘லேடீஸ் கோச்’ என்று பேர் வைத்தார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து அதே கட்டிலில் மத்தியானத் தூக்கமும் போட்டார்கள்.

பெண்களுக்குள் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒருத்தியின் வழக்கைக் கூப்பிடும்போது அவள் வர முடியவில்லை என்றால், அந்தக் கோர்ட்டில் இருக்கிற வேறொருத்தி எழுந்து பாஸ் ஓவர் கேட்பாள். கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். யார் யாருக்கு எத்தனை தடவை எழுந்தார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

அவர்களில் ஒரு ஜூனியர், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடுகிற வீட்டுப் பெண். புருஷனுக்கு ஓசூரில் வேலை. மாமியார், கோர்ட்டுக்குப் போவதென்றால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்த பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வருவாள். மாடி அறையில் விட்டுப் போவாள். அறை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் யார் என்று யாரும் யோசிக்கவில்லை. கட்டு அடுக்க மாடிக்குப் போகிறவள் நான்தான். மெல்ல மெல்லக் கட்டு வேறு ஆளிடம் போயிற்று, பையன் என்னிடம் வந்தான். ஆள் இருக்கும்போது அவளை மேடம் என்பேன், இல்லாதபோது தாயி என்பேன்.

பெரிய மேடம் அவளுக்கு ஒரு விபத்து வழக்கைக் கொடுத்தார், இன்சூரன்ஸ் கம்பெனி தரப்பில். அடிபட்டவருக்கு ஊனச் சான்று கொடுத்த எலும்பு டாக்டரை அவளே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அதைச் சரியாகச் செய்துவிட்டால், திண்டுக்கல், பழனி இரண்டு கோர்ட்டின் இன்சூரன்ஸ் வழக்குகளும் அவள் பொறுப்புக்கு வரும். அதுவரைக்கும் அவள் மற்றவர்கள் வழக்குக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தவள்.

அந்தச் சமயத்தில் கொச்சியிலிருந்து என் பழைய சிநேகிதி போன் செய்தாள். இறால் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டாள். வாரேன் என்று சொல்லிவிட்டேன். மாடி அறைச் சுவர் எனக்குப் பிடிக்காமல் போய்க் கொஞ்ச நாளாகியிருந்தது. அந்தக் குறுக்கு விசாரணை முடிந்ததும் போய்விடலாம் என்று மனசுக்குள் தேதி வைத்துக்கொண்டேன். அவளை நடுவில் விட்டுப் போனதாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

முதல் தடவை டாக்டர் வரவில்லை. அடுத்த தடவை நீதிபதி லீவு. அதற்கடுத்து வக்கீல்களே கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் கொச்சிக்கு ஒரு பொய் சொன்னேன். நான் இங்கேயே கிடப்பதைப் பார்த்து எல்லோரும் பையன் மேல் பிரியம் என்று நினைத்தார்கள். ஆபீசில் எல்லோருக்கும் எடுத்த மருத்துவக் காப்பீட்டில் பெரிய மேடம் என் பேரையும் சேர்த்தார். இதுவரை எந்த முதலாளியும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. கையெழுத்துப் போடும்போது திருடுகிற மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரு நாள் காலை, டாக்டர் கோர்ட்டுக்கு வந்துவிட்டார் என்று கீழேயிருந்து சத்தம் கேட்டது. அவள் பையனை என் கையில் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவன் என் தோளில் சாய்ந்தான். கழுத்து சுட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் இன்னும் ரோட்டைத் தாண்டவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள்.

நான் கூப்பிடவில்லை.

ஈரத்துணி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். மத்தியானம் ஆனதும், குடித்த பாலையெல்லாம் கக்கினான். அப்புறம்தான் பயந்து பக்கத்து அறையிலிருந்த இன்னொரு பெண் ஜூனியரிடம் சொன்னேன். அவள் தன் வழக்கை அப்படியே விட்டுவிட்டு, பாஸ் ஓவர் கேட்கச் சொல்லி யாருக்கோ போன் செய்துகொண்டே எங்களை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை, ஆனால் காலையிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார் அங்கிருந்த டாக்டர். இப்போதுதான் சுட்டது என்று சொன்னேன்.

சாயங்காலம் மாடிக்கு வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடிபட்டவரின் காலை அளந்து பார்க்காமலே சான்று எழுதியதை எலும்பு டாக்டர் ஒப்புக்கொண்டாராம். இனி இன்சூரன்ஸ் கட்டெல்லாம் உனக்குத்தான் என்று பெரிய மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். ஆஸ்பத்திரி விஷயம் கீழேயே அவளிடம் சொல்லியிருந்தார்கள். தூங்குகிற பையனைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்க இல்லேன்னா நான் இல்லக்கா என்றாள். அதைத்தான் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

“காலையிலயே சுட்டுச்சு தாயி. நீ ரோட்டத் தாண்டுறதுக்குள்ள எனக்குத் தெரியும்.”

“நான் வாய்தா கேட்டுருவேன்னு சொல்லலையா?”

“நீ நல்லாப் பண்ணணும்னு நினைச்சேன். அது பாதி. இன்னொரு வாய்தா விழுந்தா நான் இன்னும் ஒரு மாசம் கிடக்கணும். கொச்சிக்கு வாரேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பையனின் சட்டையை இழுத்துவிட்டாள்.

“வீட்டுலயே சுட்டுச்சுக்கா. மருந்து குடுத்துத்தான் கொண்டாந்தேன். சொன்னா நீங்க திருப்பிக் கூட்டிட்டுப் போன்னு சொல்லிருவீங்கன்னு பயம்.”

ஒரு நிமிஷம் எனக்கு லேசாக இருந்தது. அவளும்தானே என்று தோன்றியது. ஆனால் அவளுக்கு வேறு வழி இல்லை, எனக்கு இருந்தது ஊரை விட்டுப் போகிற அவசரம் மட்டும்தான். இரண்டும் ஒன்றாகாது.

எப்போது போகிறீர்கள் என்று கேட்டாள். மாசக் கடைசியில் என்றேன். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“இத நாளைக்குச் சொல்லிருக்கலாம்ல. இன்னைக்கு ஒரு நாளு சந்தோஷமா பஸ் ஏறிருப்பேன்.”

சொன்னபடி போய்விட்டேன். பெரிய மேடம் கோபப்படவில்லை. ஒரே ஆளை நம்பி அறையைத் திறந்தது தன் தப்பு என்றார். அது திட்டுவதை விட மோசமாக இருந்தது.

அவள் எப்போதாவது போன் செய்கிறாள். இன்சூரன்ஸ் வழக்குகளுக்காகப் பழனிக்குப் போய் வருகிறாள். புது ஆள் கிடைக்கும் வரை பெண் ஜூனியர்களே முறை வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்தார்களாம். எங்களை ஆட்டோவில் கூட்டிப்போன அந்தப் பெண் தன் முறையில் பையனோடு இருந்த அன்று, அவளே பல மாசமாகத் தயார் பண்ணியிருந்த வழக்கு கூப்பிடப்பட்டதாம். நீதிபதி பாஸ் ஓவர் கொடுக்கவில்லை. ஒரு ஆண் ஜூனியர் போய் நின்று நடத்தினார், வழக்கு அதோடு அவர் கைக்குப் போய்விட்டது. சாதாரணமாகத்தான் தாயி இதைச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, இப்பவும் பையனுக்கு பிஸ்கட் வாங்கிட்டு வர்றா என்றாள்.

அந்தப் பெண்ணின் நம்பர் என் போனில் இருக்கிறது. இறால் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும்போது எடுத்துப் பார்ப்பேன். என்ன சொல்வது என்று தெரியாமல் கை கழுவப் போய்விடுவேன்.