பதினொன்றில் ஒன்று

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறார் என்றால் போதும். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். காய்கறிக் கடையில் தராசு முள் நடுவில் வந்து நிற்கும்வரை நகரமாட்டாள். பேருந்தில் நடத்துனர் கொடுக்க மறந்த சீட்டைக் கேட்டு வாங்குவாள். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொன்ன தங்கையை ஏழாவது நிமிடத்தில் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டவள். இப்படி ஒருத்திக்கு வேறு என்ன பட்டப்பெயர் வைப்பதாம்?

அவளுடைய வேலை பகடை உருட்டுவது. சிரிக்க வேண்டாம், அதற்கும் சம்பளம் உண்டு. விளையாட்டுப் பெட்டிகளுக்காக சிவப்பில் ஒன்று வெள்ளையில் ஒன்று என்று ஜோடி ஜோடியாகப் பகடை செய்கிற இடம் அது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றும்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டால் ஒரு பக்கம் கனத்துப்போகும், பகடை சொன்ன பேச்சைக் கேட்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கறாரும் அவளுக்கு எதிர் மேசையில் ஒல்லி என்ற பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். குவளையில் ஜோடியைப் போட்டுக் குலுக்கி, துணி ஒட்டிய தட்டில் கவிழ்த்து, விழுந்ததைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கறாரின் வலது மணிக்கட்டுக்கு அதுதான் பிழைப்பு.

விழுந்ததையெல்லாம் நோட்டில் எழுதமாட்டார்கள். எழுதினால் நோட்டுக்கே தனி அறை வேண்டும். ஆறு விழுந்தால் மட்டும், தடவைக்கு ஒரு வரி என்று எழுதுவது அங்கே வழக்கம். விளையாடுகிறவன் சண்டை போடுவது ஆறுக்குத்தானே, மூன்று விழவில்லை என்று யார் அழுதார்கள்? ஒரு பகடையில் ஆறு என்றால் ஒரு கோடு, இரண்டிலும் ஆறு என்றால் ஒரு வட்டம், ஆறே இல்லையென்றால் ஒன்றுமில்லை. கறார் மட்டும் யாரும் கேட்காமலேயே சிவப்புப் பகடையின் ஆறுக்குச் சிவப்புப் பென்சிலிலும் வெள்ளையின் ஆறுக்குக் கறுப்புப் பென்சிலிலும் கோடு போடுவாள். ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒல்லி கேட்டதற்கு, எந்தப் பகடை குற்றவாளி என்று தெரிய வேண்டாமா என்றாள்.

இந்த நிலையில் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். கெட்டவர் என்று சொல்லமுடியாது. படித்தவர், சுறுசுறுப்பு, வந்த முதல் மாதமே எதையாவது கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்ற துடிப்பு. முதலில் ஒல்லியிடம் போய், ஆறு விழுந்த வரிகளில் ஆறில் ஒரு பங்கு வட்டம் இருக்க வேண்டுமே, இருக்கிறதா என்று விசாரித்தார். மறுநாள் இரண்டு பேருடைய நோட்டையும் வாங்கிக்கொண்டு போனார். மாதத்துக்கு அறுநூற்றறுபது வரி. ஒல்லியின் நோட்டில் வட்டம் நூற்றுப்பத்து. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. கறாரின் நோட்டில் ஐம்பத்தேழு.

வியாழக்கிழமை தேநீர் இடைவேளை முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், பதினான்கு பெண்கள் வேலை செய்கிற கூடத்தின் நடுவில் நின்று அவர் பேசினார். ஒரு பகடையில் ஆறு விழுந்தாயிற்று, மற்றதில் ஆறு விழுவதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு, இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், நூற்றுப்பத்து வர வேண்டிய இடத்தில் ஐம்பத்தேழு வந்தால் அர்த்தம் என்ன என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்.

"உருட்டாமலே எழுதியிருக்கீங்க. கோடு போடுறது சுலபம், வட்டம் போட ஞாபகம் வரல. பொய்க் கணக்கு."

கறாருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. திங்கட்கிழமை காலைக்குள் 'உருட்டாமல் எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்களாம். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை வரவே வேண்டாமாம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போடாதவளைப் பார்த்துச் சொன்ன பேச்சு இது. வயிறு எரியுமா எரியாதா?

வெள்ளிக்கிழமை குழாயடியில் கை கழுவும்போது ஒல்லி பக்கத்தில் வந்து நின்றாள். மேனேஜர் கேட்ட கணக்குக்கு வீட்டில் உட்கார்ந்து நோட்டையே புதிதாக எழுதிவிட்டதாகவும், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வட்டம் போட்டதாகவும் சொல்லிக் கண்ணைக் கசக்கினாள். கறாருக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. விடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னாள்.

புருஷன் முடிதிருத்துகிறவர். நாளெல்லாம் பத்துப் பேர் தலையோடு பேசிப் பேசி எதையும் பூசி மெழுகக் கற்றவர். பெட்டி ஒட்டும் இடத்திலும் மின்விசிறி இருக்கிறதே, கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரேன் என்றார். கறார் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆனால் அவளை உள்ளே அரித்தது வேறு. மேனேஜர் சொன்னதில் தப்பு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்று ஆறு, மற்றதில் ஆறு முகம், ஆறில் ஒன்று. சரியாகத்தானே இருக்கிறது? அப்படியானால் தன் கண்ணே தன்னை ஏமாற்றியதா? பொய் சொல்லவில்லை என்று தனக்குத் தெரியும், ஆனால் அதை நிரூபிக்க வாயில் ஒரு சொல் இல்லை. அதைவிடக் கேவலம் வேறு உண்டா என்று அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போன மாதத்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். மேலே இடமிருந்து வலமாக சிவப்புக்கு ஒன்று முதல் ஆறு, பக்கத்தில் மேலிருந்து கீழாக வெள்ளைக்கு ஒன்று முதல் ஆறு. மொத்தம் முப்பத்தாறு கட்டம். ஜோடி எப்படி விழுந்தாலும் இதில் ஒரு கட்டத்தில்தான் விழுந்தாக வேண்டும், ஒரு கட்டத்துக்கு இன்னொன்று இளைத்ததில்லை. பிறகு தான் நோட்டில் எழுதுகிற கட்டங்களை மட்டும் பென்சிலால் நிரப்பினாள். சிவப்பு ஆறு என்றால் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆறு கட்டம். வெள்ளை ஆறு என்றால் அடியில் ஆறு கட்டம். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று எழுதப் போனவள் கையை நிறுத்தினாள். மூலைக் கட்டம் இரண்டிலும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொந்தம், பெண் வீட்டுக்கும் சொந்தம் என்று இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடுகிற மாமா மாதிரி. எத்தனை உறவு சொன்னாலும் சாப்பிட உட்காரும்போது ஆள் ஒன்றுதானே.

ஆக, பதினொன்று. அவள் நோட்டில் ஏறுகிற கட்டங்கள் பதினொன்று, அதில் வட்டத்துக்கு உரியது அந்த ஒற்றை மூலை. பதினொன்றில் ஒன்று. அறுநூற்றறுபதைப் பதினொன்றால் வகுத்தாள், அறுபது வந்தது. ஐம்பத்தேழுக்கும் அறுபதுக்கும் என்ன பெரிய தூரம்! பகடை என்ன ராணுவமா, ஒன்று பிசகாமல் அணிவகுத்து நிற்க? மதியம் சாப்பிட வந்த புருஷனிடம் தாளைக் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினாள். அவருக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு, நீ போய்ப் பேசு என்றார்.

திங்கட்கிழமை அவள் மேனேஜர் அறைக்குப் போகவில்லை. நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போய், அவரையும் கூப்பிடச் சொன்னாள். மேனேஜர் வந்தார், கையெழுத்துக்கான தாளோடும் பேனாவோடும். கறார் அதைத் தொடவில்லை. தன் நோட்டை விரித்து அவர் முன்னால் தள்ளினாள்.

"சார், சிவப்புல ஆறு விழுந்த வரிய மட்டும் எண்ணுங்க. சிவப்புக் கோடும் வட்டமும் மட்டும். கறுப்பத் தொடாதீங்க."

அவர் கால்மணி நேரம் எண்ணினார். சிவப்புக் கோடு முந்நூற்றிரண்டு, வட்டம் ஐம்பத்தேழு, இரண்டும் சேர்த்து முந்நூற்றைம்பத்தொன்பது. முதலாளியம்மா கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று என்றார்.

"அதான் நீங்க கேட்ட ஆறுல ஒன்னு. இதே நோட்டுல இருக்கு. சிவப்பு ஆறுன்னு தெரிஞ்சா அந்தக் கணக்கு சரி. ஆனா நான் எழுதுறது ரெண்டுல எதுல ஆறு விழுந்தாலும். சிவப்பு மட்டும் ஆறா வர அஞ்சு வழி, வெள்ளை மட்டும் வர அஞ்சு வழி, ரெண்டும் வர ஒரே ஒரு வழி. கேட்ட கேள்வி ஒன்னு, எழுதின நோட்டு வேற. பொய் நோட்டுல இல்ல சார்."

காலண்டர் தாளையும் விரித்து வைத்தாள். மேனேஜர் மூலைக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் வாதாடவில்லை. படித்தது எங்கேயோ உள்ளே விழித்துக்கொண்டிருக்க வேண்டும், காது மடல் சிவந்துபோயிற்று. முதலாளியம்மாதான் அடுத்த கேள்வியைக் கேட்டார். அப்படியானால் நூற்றுப்பத்து வட்டம் போட்ட அந்த இன்னொரு நோட்டு?

ஒல்லியின் தலை அந்த நொடியில் கறாரின் நாக்கு நுனியில் இருந்தது. பொய்க்குத் துணை போக அவளுக்கு மனம் வரவில்லை. தனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கவும் மனம் வரவில்லை.

"அத அவகிட்டயே கேளுங்க மேடம், சொல்லுவா. ஆனா நோட்ட வாங்குறதுக்கு முன்னாடியே எத்தன வட்டம் வரணும்னு அவகிட்ட யாரு சொன்னாங்கன்னு, அத இவர்கிட்ட கேளுங்க."

முதலாளியம்மா ஒல்லியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன்னுடைய தவறுதான், இனி உங்கள் மேல் ஒரு புகாரும் இல்லை, நீங்கள் போய் வேலையைப் பார்க்கலாம் என்றார். வேறு யாராவது என்றால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். கறார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"என்னைப் பொய்க்காரின்னு சொன்னது இந்த ரூம்ல இல்ல சார். அங்க, பதினாலு பேருக்கு நடுவுல. சொன்னத திரும்ப வாங்கிக்கிறதும் அங்கதான்."

அவர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மேனேஜர் கூடத்துக்கு நடந்தார், பின்னாலேயே கறாரும் போனாள். அச்சு இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருக்க, அவர் நடுவில் நின்று அன்று சொன்னது தப்பு, அக்காவின் கணக்குதான் சரி என்று முணுமுணுத்தார். முன்மேசையில் இருந்தவர்களுக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

"பின்வரிசைக்குக் கேக்கல சார்," என்றாள் கறார்.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி இயந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.