கியர் கழன்ற மேடு

சென்ற மாதம் திக்லிபூரிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. மேடு ஏறும்போதெல்லாம் அவர் கை பட்டதும் கியர் கம்பு விழப்போகும் பல் மாதிரி ஆடியது. "தம்பி, கீழ தண்டு லூஸாயிருக்கு, பாருங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். என் நரைத்த தலை, மடியில் வெற்றிலைப் பை. இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பார். எனக்கு வண்டியைப் பற்றி அது ஒன்றுதான் தெரியும். மற்றபடி கேட்டால் சக்கரம் நாலு என்பேன்.

அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி நான் இந்தத் தீவுக்கு வந்தபோது, என் வீட்டுக்காரருக்கு சிப்பிகாட் என்ற ஊரில் பம்பு ஓட்டும் வேலை. தங்குவதற்கு குவார்ட்டர்ஸ் வரும், வரும் என்றார்கள். வரவில்லை. அவரிடம் ஏலத்தில் எடுத்த பழைய ஆஸ்பத்திரி வேன் ஒன்று இருந்தது. அதற்குள் படாக் மரப் பலகையில் கட்டில் அடித்து, பின்கதவோரம் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்து, ஒரு வங்காளிக் குடும்பத்தின் பாக்குத் தோட்டத்தில் நிறுத்தியிருந்தார். அதுதான் எங்கள் வீடு. 'வீடு சின்னது, நல்ல காற்றோட்டம்' என்று அம்மாவுக்கு எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே!

முதல் சில மாதம் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு மழை பிடித்தது. இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் வாடை வந்தால் எனக்கு ஈரத்துணி ஞாபகம் வந்துவிடும். துவைத்தது எதுவும் காயாது. ஸ்டவ்வின் மேலே பிடித்து ஒவ்வொன்றாய்ச் சூடு காட்டுவேன். கூரையில் ஓர் ஒழுகலை அவர் அடைத்தால் இன்னொன்று திறக்கும். ஒருநாள் தலையணைக்கடியில் கையை விட்டேன், பூரான் கடித்துவிட்டது. இங்கத்திய பூரானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சாணுக்குக் குறையாது. முழங்கை வரை வீங்கிப்போயிற்று.

"இங்க ஆட்டுக்குக்கூடக் கொட்டாய் இருக்கு, எனக்குத்தான் இல்ல. நான் அம்மாகிட்டப் போறேன்" என்று அழுதேன்.

மறுநாள் அவர் கப்பல் டிக்கெட்டோடு வந்தார். இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். கேட்டதும் வாங்கிக்கொண்டு வந்ததுதான் பூரான் கடியைவிட வலித்தது.

கப்பல் புறப்படும் நாளன்று அந்த வேனிலேயே கிளம்பினோம். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே வீட்டைவிட்டுப் போன பெண் நானாகத்தான் இருப்பேன். பத்துபஸ்திக்கு முன்னால் ஒரு மேடு. பாதி ஏறியதும் அவர் கியர் மாற்றினார். கீழே 'டங்' என்றது. என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. பின்னால் உருளப் போனதைப் பிரேக்கில் நிறுத்தினார். நான் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

அடியில் படுத்துப் பார்த்தார், நானும் குனிந்து பார்த்தேன். கம்பையும் கியர் பெட்டியையும் சேர்க்கிற தண்டு கழன்று தொங்கியது. மூட்டிலிருந்த புஷ் என்கிற சிறு வளையம் தேய்ந்து உதிர்ந்து, அதைப் பிடித்திருந்த சிறு கம்பிப் பின் முறிந்திருந்தது. செருப்பின் தோலை நறுக்கித் துளைக்குள் சுற்றினார். என் தலையைப் பார்த்தார். நானே கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தேன்.

"நீ உள்ள போயி கம்ப நடுவுல புடி. ஹிலாவாத!"

ஆட்டாமல் பிடிப்பது லேசான வேலையில்லை. வீங்கிய கை வேறு. இரண்டு முறை தண்டு நழுவியது. அப்போது எதிர்பாராமல் ஒரு லாரி வந்து நின்றது. தெலுங்கு டிரைவர் தலையை நீட்டி, "பாபி, ஜஹாஜுக்கா? ஏறுங்க, ஜல்தி, ஜல்தி" என்றார். இங்கே அண்ணிக்குப் பாபி, கப்பலுக்கு ஜஹாஜ்.

வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "போயேன். கப்பல் போயிரும். நான் பொறவு வாரேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் சும்மா மல்லாந்து கிடந்தாலே போதும், கப்பல் போய்விடும், நான் இங்கேயே இருப்பேன். ஆனால் என்னை அனுப்பிவைக்கத்தான் முகமெல்லாம் கிரீஸோடு சேற்றில் கிடக்கிறார்.

"கைய எடுத்தா மறுபடி மொதல்லேர்ந்து செய்யணும். நீங்க பாருங்க" என்றேன். லாரி போய்விட்டது.

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

"இரு… இரு… போதும்! மாட்டிருச்சு."

இரு என்ற சொல்லை அப்படித்தான் அவரிடமிருந்து வாங்கினேன்.

கப்பலைப் பிடித்துவிட்டோம். நான் போகவும் போனேன். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஏணியில் ஏறும்போது, "அந்த மேட்டுல மெதுவாப் போங்க" என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

கோபம் கடலிலேயே கரைந்துவிட்டது. சில மாதம் அம்மாவிடம் இருந்தேன். திரும்பக் கப்பலேற மதராஸ் வந்தபோது, அண்ணனை இழுத்துக்கொண்டு பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். அந்த மூட்டு எப்படியிருக்கும் என்று விரலால் வளைத்துக் காட்டினேன். "எந்த வண்டிக்கும்மா?" என்றார் கடைக்காரர். "எங்க வீட்டுக்கு" என்று வந்துவிட்டது வாயில். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

கப்பல் ஜெட்டியில் அவர் காத்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து, புதுப் புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சைஸ் ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றவர், பதிலுக்கு நிற்காமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கப் போய்விட்டார்.

அடுத்த மழைக்குள் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வேனை ஒரு கான்ட்ராக்டர் வாங்கிப் போனார். பாக்குத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று மாடிவீடுகள். கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இப்போது விமானம் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னையில் இருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. அந்த மேட்டையும் வெட்டிச் சமமாக்கிவிட்டார்கள். பேருந்து அங்கே கியர் மாற்றுவதுகூட இல்லை. எது அந்த இடம் என்று ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியே தேடுகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் இல்லை.