சுவருக்கு ஒரு வாய்

எங்க ஊர்ப் பக்கம் வீடு விக்கணும்னா தை மாசம் ஆளக் கூட்டிட்டு வந்து காட்டணும். மழை பெஞ்சு கரிசல் மண்ணு உப்பி, சுவத்துல இருக்க வெடிப்பெல்லாம் மூடிக் கிடக்கும். ஒரு கோட் பெயிண்ட் அடிச்சா புது வீடுதான். விவரமானவன் சித்திரையில வருவான். வந்து பேச மாட்டான், சுவத்த மட்டும் பாப்பான். இத நான் பெருமைக்குச் சொல்லல. நானும் இந்தக் கள்ளத்தனத்தப் பண்ணினவதான்.

எங்க வீடு கோவில்பட்டிக்கு வெளிய, ஒரு காலத்துல பருத்தி போட்ட காட்டுல கட்டுனது. பின் ரூம் கதவு நிலைக்கு மேல, மூலையில இருந்து கூரை வரைக்கும் ஒரு வெடிப்பு. வெயில் ஏற ஏற அகலும். எங்க வீட்டுக்காரவிய அதுக்கு வாய்னு பேரு வச்சிருந்தாவ. "மண்ணுக்குத் தாகம் எடுத்தா சுவரு வாயத் தொறக்கும். ஐப்பசியில தண்ணி குடிச்சா அதுவே மூடிக்கிடும். நீ அதுல கை வைக்காத" அப்படிம்பாவ. புரட்டாசி பிறந்தா மாடிக் குழாய்ல அடைச்ச சருகை எடுப்பாவ, மழைத்தண்ணி அஸ்திவாரத்துல தேங்காம வாய்க்கா வெட்டி விடுவாவ. சுவத்த ஒட்டி ஒரு முருங்கைக் கம்பு ஊனக்கூட என்னய விடல.

போன வருசம் வீட்ட வித்துட்டு திருநெல்வேலில மக பக்கத்துல போயிருவோம்னு முடிவாச்சு. புரோக்கர் வந்து பாத்துட்டு, இந்த வெடிப்பு இருந்தா ஒருத்தனும் வாங்க மாட்டான்னுட்டான். எனக்கு அவசரம், எப்பவும் அவசரந்தான். எங்க வீட்டுக்காரவிய கயத்தாறுல ஒரு கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு கொத்தனார வரச்சொல்லி, சிமெண்ட இறுக்கி அடைச்சு, மேல பெயிண்டும் அடிச்சாச்சு. நல்ல சித்திரை வெயிலு, வாய் முழுசாத் தொறந்து கிடந்த நேரம். அவிய வந்து பாத்தாவ. "ஏட்டி, வாய அடைச்சிட்டியா" அப்படின்னு ஒரே கேள்விதான். ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. நானும் வீம்புக்குப் பேசல.

ஐப்பசி வரைக்கும் வாங்க ஆள் அமையல. அப்போ மூணு நாள் விடாத மழை. மண்ணு உப்பிச்சு. சுவரு மூடிக்கிட இடமில்ல, சிமெண்டு கெட்டியா நிக்கே. அந்த அமுக்கமெல்லாம் நிலையில வந்து இறங்கிட்டு. பின் ரூம் கதவு உரசிச்சு, நான் விளிம்புல சோப்பத் தேச்சு விட்டேன். அப்பவாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

நாலாம் நாள் மத்தியானம் கொஞ்சம் வெயில் அடிச்சுதுன்னு மாடியில துணி காயப் போட்டேன். அவிய சாப்பிட்டுட்டு, பின் ரூம் கதவ ஓங்கி இழுத்துச் சாத்திட்டுப் படுத்தாவ. திடீர்னு மழை பிடிச்சிட்டு. வாசல் தகரக் கூரையில மழை விழுத சத்தத்துல வேற ஒண்ணும் கேக்கல, கதவு தட்டுத சத்தம் மட்டும் கேட்டுது. மூணு தட்டு. "வாரேங்க, துணி நனையுது, என்ன அவசரம்" அப்படின்னு எரிச்சலாச் சொல்லிட்டு மாடிக்கு ஏறினேன். பெட்ஷீட்ட மடிச்சு வேற எடுத்தேன். இறங்கி வந்து கதவத் தள்ளுனா அசையல. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கடப்பாரையோட வந்து நெம்பினாவ. உள்ள அவிய கதவுல சாஞ்சு உக்காந்திருந்தாவ.

நெஞ்சுவலி, எப்படியும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அவரு நல்ல மனசுல சொல்லுதாரு. எனக்குத் தெரியும், நான்தான்.

சிமெண்டக் கொத்தி எடுக்கச் சொல்லிட்டேன், கதவையும் கழட்டி வெளிய போட்டாச்சு. ஆனாலும் மழை வலுத்தா அந்த ரூம்ல இருந்து மூணு தட்டு கேக்கு. கதவே இல்லையே, எதுலங்க தட்டுதீங்கன்னு போய் நிப்பேன். வெறும் நிலைதான் இருக்கும். மக சொல்லுதா, உனக்கு மனசு சரியில்லம்மான்னு. மனசு சரியா இருந்தா நான் எதுக்கு அங்க போய் நிக்கேன்.

இந்தத் தையில புரோக்கர் ஒரு சின்ன வயசு ஜோடியக் கூட்டிட்டு வந்தான். வெடிப்பு மூடி, கோடு கூடத் தெரியல. ரெண்டு பேருக்கும் வீடு பிடிச்சுப் போச்சு. அந்தப் பிள்ள பின் ரூம எட்டிப் பாத்துட்டு, "அத்தை, இவரு நைட் ஷிப்ட் முடிஞ்சு பகல்லதான் தூங்குவாரு. இங்கன ஒரு கதவப் போட்டுட்டா சத்தம் இல்லாமத் தூங்கலாம்லா" அப்படின்னா.

புரோக்கர் என்னயப் பாத்துக் கண்ணக் காட்டினான். சும்மா தலையாட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். மறு மாசம் நான் மக வீட்டுல நிம்மதியா இருந்திருப்பேன். எங்க நிம்மதி. அங்கன மழை பெய்யும்போதெல்லாம் இங்க யாரு தட்டுதாவளோன்னு கிடந்து சாகணும்.

"போடாத தாயி" அப்படின்னேன். அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாய், சிமெண்டு, துணி, எல்லாத்தையும். அந்தப் பிள்ள என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. வீடு வேண்டாம்னுட்டுப் போயிட்டாவ. புரோக்கர் வாசல்ல நின்னு, வாய மூடிட்டு இருக்க உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு சத்தம் போட்டான்.

இப்போ சித்திரை. நிலைக்கு மேல ரெண்டு விரல் போகுத அளவுக்குத் தொறந்து கிடக்கு. நான் கை வைக்கல. ஐப்பசியில மழை வரும், அவிய தட்டுவாவ. மாடியில துணி கிடந்தாக் கிடக்கட்டும். இந்தத் தடவ நான் மாடிக்குப் போக மாட்டேன்.