தினமும் பார்க்கிற அண்ணன்

இன்று மத்தியானம் ஜவ்வாது மலைக்குப் போனேன், அப்பா அம்மாவைப் பார்க்க. பஸ்ஸில் ஏறும்போதே எனக்குக் கொதிப்புதான்.

காரணம், பெங்களூரில் இருக்கும் என் அண்ணன். "ஒரு மாசம் நீ, ஒரு மாசம் நான்னு மாத்தி மாத்திப் போய்ட்டு வரலாமா?" என்று நேற்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில்: "நான் அவங்கள தெனமும் வீடியோ கால்ல பாக்குறேன். நீதான் மாசத்துக்கு ஒரு தாட்டி பாக்குற."

போய்ச் சேர்ந்தால் வீட்டில் யாரும் இல்லை. பின்பக்கம் பெரிய பாறைக்குக் கீழே அம்மா நிற்கிறாள். கையில் அப்பாவின் கைத்தடியும் செருப்பும். முட்டி தேய்ந்துபோன என் அப்பா, கையை ஊன்றித் தவழ்ந்து பாறைமேல் ஏறிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாம்மா இது?"

"வூட்ல டவர் கெடைக்காதுல்ல. அங்க ஏறினாதான் உங்கண்ணன் மூஞ்சி தெரியும். தெனமும் இதே கூத்துதான்."

மேலே போனில் அண்ணன் குரல்: "இன்னாப்பா இப்டி மூச்சு வாங்குது? வாக்கிங் போய்ட்டு வந்தியா?"

"ஆமாண்டா கண்ணு" என்கிறார் அப்பா, சிரித்துக்கொண்டே.

நானும் ஏறிப்போய்ப் போனைப் பிடுங்கி, அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டினேன். "சரி, வூட்டுக்கு வைஃபை போட்டுடலாம்" என்றான். வர்றேன் என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

தினமும் பார்க்கிறானாம்! தினமும் பார்க்கப் போகிறவர் அப்பா. அண்ணன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

உங்கள் வீட்டில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்?