கல்லணைப் பாடம்

நான்காம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு என்றால் ஒப்பிப்பதுதான். கல்லணை கட்டியது யார் என்று கேட்டால் சோழ ராஜா என்று ஒரே குரலில் கத்துவோம். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது என்று வலங்கைமானிலிருந்து புதிதாக வந்த டீச்சர் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

அதனால் அவர் பாடத்தை நாடகமாக நடத்தினார். தன் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார். காலண்டர் அட்டையில் கிரீடம் செய்தார். பாடத்தை யார் தப்பில்லாமல் சொல்கிறார்களோ அவர்தான் ராஜா என்றார். நாங்கள் மிராசுதார் வீட்டுப் பேரனைப் பார்த்தோம். அவனும் எழுந்துவிட்டான். ஆனால் தப்பில்லாமல் சொன்னது நான்.

என் அப்பாவும் அம்மாவும் அந்த மிராசுதாரின் பண்ணையாட்கள். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்ததும் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. பேரன் குடிமகனாக வந்து கும்பிட்டு, "அரசே, வயலுக்குத் தண்ணி இல்ல" என்றான். என்ன பதில் சொல்வதென்று டீச்சர் சொல்லித்தரவில்லை. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"மம்பட்டிய எடுத்துக்கிட்டு வாய்க்கா வெட்டப் போ."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். வீட்டிலும் போய்ச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பான். மணி அடித்துவிட்டதால் மீதி நாடகம் மறுநாளுக்குப் போயிற்று.

அறுவடை நெருங்கியிருந்த சமயம் அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவில் சங்கக் கொடி ஏற்றியிருந்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாக மிராசுதார் மிரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பண்ணைக் காரியக்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை.

"ஒம் மவ ராஜாவாமே? சின்ன ஐயாவ கும்பிட வச்சாளாம். டீச்சர்கிட்ட சொல்லி நிப்பாட்டு. இல்லன்னா அறுப்புக்கு நீங்க ரெண்டு பேரும் வர வாணாம்."

அப்பா என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். அடி விழும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தேன். விழவில்லை.

அப்பா உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொல்லி, "இவள வேற வேஷத்துல நிக்க வைங்க டீச்சர்" என்றார்.

டீச்சரின் முகம் வெளுத்தது. அவர் குடியிருந்ததும் மிராசுதாரின் வீட்டில்தான். மேஜைமேல் இருந்த அட்டைக் கிரீடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்.

"பாடத்த சரியா சொன்னா கிரீடம்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். இப்ப மாத்தினா என்ன காரணம் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்தார். குடிமக்கள் வரிசையில் பேரன் கைகட்டி, தன் முறைக்காகக் காத்து நின்றான்.

"அப்ப சத்தமாப் பேசச் சொல்லுங்க," என்றார் அப்பா. "வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

நாடகம் முடியும்வரை அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. நான் தொண்டை கட்டும்வரை ஆணையிட்டுக் கல்லணையைக் கட்டி முடித்தேன்.

சில நாட்களில் கூலி பேசி முடிந்தது. தெருவே பண்ணைக்கு அறுக்கப் போயிற்று. அப்பாவும் அம்மாவும் மட்டும் அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நன்னிலத்துக்கு அப்பால் ஏதோ ஓர் ஊருக்குக் கிளம்பினார்கள். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். அங்கே நெல் நன்றாக விளைந்திருக்கிறது என்றாள் அம்மா. விசாரித்தவர்களிடமெல்லாம் நானும் அதையே பெருமையாகச் சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.