கோடு தின்னாத ரம்பம்

"இது கோடு திங்குமுங்களா?" என்று கேட்டபடியே செங்கோட்டையன் ரம்ப மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, பிளேடின் கனத்தை நகத்தால் நெருடிப் பார்க்கிறார். திருச்செங்கோட்டில் மின்கருவி விற்கும் தனபாலின் கடையில் சனிக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து இது. அக்குளில் பழைய துண்டு சுற்றிய நீளக் குழாய் ஒன்று. கையில் மஞ்சள் பை, அதற்குள் வெட்டிப் பார்ப்பதற்கென்று அட்டைக் குழாய்த் துண்டுகள்.

செங்கோட்டையன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். கம்ப்ரசர் இரைச்சலில் இடது காது போய்விட்டது. அதனால் எந்த மெஷினை ஓடவிட்டாலும் வலது காதைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். "சத்தமே சொல்லிப்போடுமுங்க" என்பார். தனபால் வாங்கிக் கொடுக்கும் டீயை ஆடை கட்டும்வரை மறந்துவிட்டு, பிறகு ஒரே மடக்கில் குடிப்பார்.

அவருக்கு எந்த மெஷினும் சரிப்பட்டதில்லை. வேண்டியது பெரிய வேலையும் இல்லை. சின்ன மாதிரி ராக்கெட் ஒன்றின் வால் சிறகுகளைச் சொருக, அதன் உடலான அட்டைக் குழாயில் நீளவாக்கில் மூன்று காடி, அதாவது மெல்லிய பிளவு, வெட்ட வேண்டும். ஜிக்சாவின் பிளேடு மேலும் கீழும் குத்துவதால் அட்டை நார் நாராகப் பிரிகிறது. வட்ட பிளேடு கட்டர் நேராக ஓடும், ஆனால் காடி முடிகிற இடத்தில் கோட்டைத் தாண்டித்தான் நிற்கும். சின்ன கிரைண்டர் அட்டையைக் கருக்கிவிடும். பிளேடு இடவலமாக அதிர்கிற மெஷின் ஒன்றைத் தனபால் சேலத்திலிருந்து வரவழைத்தார். இருப்பதிலேயே அதுதான் சுத்தம். செங்கோட்டையன் ஒரு துண்டில் கோடு போட்டு வெட்டினார், தூளை ஊதினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாதிக் கோடு போச்சுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பொறுமைசாலியான தனபாலுக்கே அன்று எரிச்சல் வந்துவிட்டது. "சிறகைச் சொருகிப் பசை வெச்சா கோடு மறைஞ்சுதானுங்கண்ணா போகும். இருந்தா என்னங்க, போனா என்னங்க?"

செங்கோட்டையன் அப்போதுதான் அக்குளில் இருந்த குழாயை மேசைமேல் கிடத்தித் துண்டை அவிழ்த்தார். அதன்மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் போட்ட மெல்லிய கோடுகள் இருந்தன. மகன் கவின் போட்டவை என்று மட்டும் சொன்னார். தனபால் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

கவின் கல்லூரியில் படித்தான். துணி சுற்றுகிற அட்டைக் குழாய்களை எடப்பாடித் தறிக்காரர்களிடம் கேட்டு வாங்கி ராக்கெட் செய்வான். முதல் ராக்கெட்டை ஜேடர்பாளையம் அணைக்குக் கீழே மணல்திட்டில் விட்டுவிட்டு, அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டான். அவர் சத்தீஸ்கரில் ரிக்மேல் நின்றிருந்தார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "அப்பறம் பேசறேன் சாமி" என்று வைத்துவிட்டார். அடுத்ததை அப்பா ஊருக்கு வந்ததும் சேர்ந்தே விடலாம் என்று பிறகு பேசி வாக்கு வாங்கிக்கொண்டு அவன் இந்தக் குழாயில் கோடு போட்டு வைத்தான். வெட்டுவதற்குள் பைபாஸ் ரோட்டில் அவன் வண்டியை லாரி அடித்துவிட்டது.

அதோடு ரிக் வேலையை விட்டார். வாழ்நாளெல்லாம் பூமியைத் துளைத்த மனிதருக்கு ஓர் அட்டையை வெட்டத் துணிச்சல் வரவில்லை. ராக்கெட் மேலே போயே ஆக வேண்டும், அது பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. வெட்டினால் அவன் கைபட்ட கோடு தூளாகக் கொட்டிவிடும். குற்றம் ரம்பத்தில் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்வரை ஒரு சனிக்கிழமை கழிந்துவிடுகிறது.

இந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. ரிக்காரர் வீட்டில் ஸ்பேனரைக்கூடக் கழுவிப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். செங்கோட்டையன் திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். மனைவி சௌந்திரம், அவர் வாங்கிப் பார்த்துச் சரிப்படாமல் வீட்டில் சேர்ந்துபோன ரம்பங்களை எல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்தாள். கவினின் குழாயும் ஒரு ஆயுதந்தானே, அதை மட்டும் விட்டால் பிள்ளை மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துவிட்டாள்.

அவர் திரும்பி வரும்போது வாசல் கொடியில் துடைத்த ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. துணியெல்லாம் பச்சை.

உள்ளே குழாய் பூசைப் பலகைமேல் சந்தனப் பொட்டோடு இருந்தது. அதில் கோடுகளும் இருந்தன, நீல நிறத்தில். பச்சைப் பேனா உலர்ந்து போயிருக்க வேண்டும். அழிந்தும் அழியாத தடத்தின் மேலேயே ஸ்கேல் வைத்து இழுத்திருக்கிறாள். கடைசிக் கோட்டில் ஸ்கேல் நழுவி, நுனி கோணிவிட்டது.

"கொழாய்க்கும் பொட்டு வெச்சேனுங்க" என்றாள் சௌந்திரம். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

செங்கோட்டையன் கத்தியிருப்பார். அவளுடைய விரல் நுனிகளில் நீல மை ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"நல்லா வெச்சிருக்கற புள்ள" என்று சொல்லிவிட்டு, பூசணிக்காயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை தனபால் கடைக்கு அவள் தானும் வருகிறேன் என்றாள். என்றுமே வராதவள். கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தார். பல் நெருக்கமான புது பிளேடு ஒன்று வந்திருந்தது. தனபால் அளவு பார்க்கக் குழாயைக் கேட்டார். செங்கோட்டையன் துண்டை அவிழ்த்தார்.

தனபால் குனிந்து பார்த்தார். "கோடு பச்சையில்லீங்கண்ணா இருந்துது?"

ஸ்டூலில் இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீலந்தானுங்க. எம்பட பையன் போட்டது" என்றார் செங்கோட்டையன். பிறகு வலது காதைச் சாய்த்து, "இது கோடு திங்குமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே, கோடு கோணிய இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டார்.